பீட்டில் ஹெட்டில் பிளக் மரை போனால் மரையை மட்டும் பார்க்காதீர்கள்

தம்பி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தாத்தா வைத்திருந்த ஃபோக்ஸ்வேகன் 1600 பீட்டில் கார், டர்பன் சாட்ஸ்வர்த்தில் உங்கள் வீட்டில் நிற்கிறது. மூன்றாம் சிலிண்டரில் ஸ்பார்க் பிளக் மாற்றும்போது அது கடைசி வரை இறுகாமல் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. அப்படியே ஓட்டிப் பார்த்தால் புஸ் புஸ் என்று சத்தம், பிளக்கைச் சுற்றிக் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு. ஒரு பட்டறையில், சிலிண்டரை மூடி நிற்கும் ஹெட்டையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். உங்கள் மாமா, ஸ்டீல் பசை போட்டு ஒட்டிவிடலாம் என்கிறார். தைப்பூசத்துக்கு அதே வண்டியில் கேட்டோ மேனர் அம்பலவாணர் கோயிலுக்குப் போக வேண்டும் என்று பாட்டி ஆசைப்படுகிறார்.

ஹெட்டில் விரிசல் இல்லை என்றால் அதை மாற்ற வேண்டியதில்லை. பசை மட்டும் வேண்டவே வேண்டாம். என்ஜினை இறக்கி, அந்தத் துளைக்குக் கழுத்து வைத்த கெட்டி ஸ்டீல் புஷ் (உள்ளும் வெளியும் மரை உள்ள குழல்) போடுங்கள். ஒழுங்காகப் போட்ட புஷ், தேய்ந்துபோன பழைய அலுமினிய மரையைவிட நன்றாகவே பிடிக்கும். அந்த 'ஒழுங்காக' என்பதில்தான் விஷயம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

மரை ஏன் போகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். பீட்டில் பிளக்கின் மரை 14 மில்லிமீட்டர் விட்டம், 1.25 மில்லிமீட்டர் இடைவெளி, 12.7 மில்லிமீட்டர் நீளம். கணக்குப் போட்டால் சுமார் பத்துச் சுற்றுதான். வெடிப்பின் அழுத்தம் தாங்காமல் மரை பிய்ந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். சிலிண்டருக்குள் 40 பார் அழுத்தம் என்று வைத்துக்கொண்டாலும், 14 மில்லிமீட்டர் வட்டத்தின் மேல் அது 60 கிலோ சொச்சம் எடையளவுக்குத்தான் தள்ளும். ஆனால் நாம் 30 நியூட்டன் மீட்டர் முறுக்கில் பிளக்கை இறுக்கும்போது மரையில் விழும் இழுப்பு கிட்டத்தட்ட ஒரு டன். பத்து மடங்குக்கும் மேல்! மரையில் கிரீஸ் தடவிவிட்டு அதே முறுக்குப் போட்டால் உராய்வு குறைந்து இழுப்பு இன்னும் கூடும். ஆக, மரையைக் கொல்வது பெரும்பாலும் ஸ்பேனர் பிடித்த கைதான். 'இன்னும் கொஞ்சம் டைட் பண்ணு' என்று வருஷக்கணக்கில் இறுக்கி இறுக்கி அலுமினியம் களைத்துப்போகிறது. ஒருநாள் வெடிப்பு அதை வெளியே தள்ளிவிடுகிறது, பழி வெடிப்பின் மேல் விழுகிறது.

டர்பன் காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. கடலோர உப்பும் ஈரமும் உள்ள இடத்தில் ஸ்டீலும் அலுமினியமும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால் அலுமினியம் அரிக்கும், வெள்ளைப் பொடியாகி மரையைக் கவ்விக்கொள்ளும். அதிகம் ஓடாமல், தாத்தாவின் நினைவாகப் போர்த்தி நிறுத்திவைத்த வண்டிகளில் இது சகஜம். பல வருஷம் அசையாமல் இருந்த பிளக்கை ஒரே மூச்சில் திருகி எடுத்தால், மரையும் பிளக்கோடு சேர்ந்து வந்துவிடும்.

பட்டறைகளில் பேச்சு முழுக்க 'மரை பிடிக்குதா, பிடிக்கலையா' என்பதோடு முடிந்துபோகிறது. காற்றால் குளிரும் என்ஜினுக்கு அது பாதிதான். பிளக்கின் மூக்கு எரியும் வாயுவுக்கு நடுவில் நிற்கிறது. அங்கே ஏறும் சூட்டின் பெரும்பகுதி பிளக்கின் உடம்பு வழியாக இறங்கி, வாஷர் உட்காரும் முகத்தின் வழியாகவும் மரையின் வழியாகவும் ஹெட்டுக்குப் போக வேண்டும். தண்ணீரால் குளிரும் என்ஜினில் பிளக் துளைக்குப் பக்கத்திலேயே தண்ணீர் ஓடிச் சூட்டை வாங்கிக்கொள்ளும். இங்கே அந்த ஆறுதல் இல்லை. அலுமினியம் வாங்கி, ஹெட்டின் மெல்லிய தகடுகளுக்குக் கொடுத்து, விசிறிக் காற்று அதைக் கொண்டுபோனால்தான் உண்டு. பிளக் சாய்ந்து உட்கார்ந்தால் வாஷரின் ஒரு பக்கம்தான் தொடும். சூடு போக வழியில்லாமல் மூக்கு பழுக்கும், பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும், கடைசியில் பிஸ்டனில் ஓட்டை விழும். தொடாத பக்கத்தின் வழியே வாயு கசிந்து அலுமினியத்தை அரித்தும்விடும். ஆகவே, மரை பிடிக்கிறதா என்ற கேள்வியோடு வாஷர் உட்காரும் முகம் முழு வட்டமும் தொடுகிறதா என்றும் பாருங்கள்.

அதுவும் உங்களுக்கு மூன்றாம் சிலிண்டர். பழைய அமைப்பில் எண்ணெய்க் கூலர் விசிறிப் பெட்டிக்குள்ளேயே இடப்பக்கம் நிற்கும். அதைத் தாண்டி வரும் காற்று ஏற்கெனவே சூடாகித்தான் மூன்றாம் சிலிண்டரில் படும். 1970களின் தொடக்கத்தில் அந்தக் கூலரைத் தனிப் பெட்டியாக வெளியே தள்ளிவைத்தார்கள், நிலைமை நன்றாகவே தேறியது. உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று பாருங்கள். எதுவானாலும், அந்தச் சிலிண்டரில் அரைகுறை வேலை கூடாது.

இப்போது வண்டிக்கு வருவோம். கழற்றிய பிளக்கைத் துடைக்காமல் வெளிச்சத்தில் பிடித்து மரையைப் பாருங்கள். என்ன நடந்தது என்பது அதில் தெரியும். பள்ளங்களுக்குள் பளபளவென்று அலுமினியம், பேனா ஸ்பிரிங் மாதிரி சுற்றிக்கொண்டு நீளமாக வந்திருந்தால் மரை அடியோடு போய்விட்டது. பிளக்கின் முனையில் ஒன்றிரண்டு சுற்றில் மட்டும் அலுமினியம் நசுங்கி ஒட்டியிருந்தால், யாரோ கோணலாக ஏற்றியிருக்கிறார்கள், துளையின் வாய்ப்பக்கம் மட்டுமே கெட்டிருக்கிறது என்று அர்த்தம். உள்பக்கத்து மரை இன்னும் உயிரோடு இருக்கலாம்.

அந்த இரண்டாவது நிலைமை என்றால் புஷ்ஷே தேவைப்படாது. மரையைச் சுத்தம் செய்வதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. சுருக்கி உள்ளே விட்டு, உள்ளே போனதும் விரித்து, நல்ல மரையில் கடித்துக்கொண்டு வெளியே வரும்படி திருகுவது. கெடாத பக்கத்திலிருந்து கெட்ட பக்கத்துக்கு வருவதால் பழைய பாதையிலேயே நடக்கும். மரை வெட்டும் சாதாரண டேப்பை மேலிருந்து இறக்கினால், கோணலான வாயையே பிடித்துக்கொண்டு இரண்டாவது மரை வெட்டிவிடும். நல்லதாக இருந்ததும் போய்விடும்.

அடுத்து விரிசல். இந்த ஹெட்டுகளில் பிளக் துளைக்கும் வால்வு சீட்டுக்கும் (வால்வு வந்து உட்காரும் வளையம்) நடுவே உலோகம் குறைவு, விரிசல் விடுவது பெரும்பாலும் அங்கேதான். வளையும் குழல் கேமராவைத் துளை வழியே விட்டு, நன்றாகத் துடைத்த பிறகு பாருங்கள். இப்போது அது மலிவாகவே கிடைக்கிறது. மயிரிழை மாதிரி ஒரு கோடு துளையின் விளிம்பிலிருந்து வால்வு பக்கம் ஓடினால் அங்கே புஷ் போடாதீர்கள். புஷ்ஷுக்காகத் துளையைப் பெரிதாக்கும்போது விரிசல் இன்னும் நீளும். அந்த ஹெட்டைக் கழற்றி, நிதானமாகச் சூடேற்றி, டிக் வெல்டிங்கில் துளையை அடைத்து, புதிதாகத் துளையிட்டு மரை வெட்ட வேண்டும். ஜேக்கப்ஸ், மோபேனி பக்கம் என்ஜின் மெஷினிங் செய்பவர்கள் இருக்கிறார்கள். அலுமினிய ஹெட் வெல்டிங்கில் பழக்கம் உண்டா என்று மட்டும் விசாரித்துக் கொடுங்கள். விரிசல் சீட் வரை போயிருந்தால் பட்டறைக்காரர் சொன்னதுதான் சரி, வேறு ஹெட் தேடுங்கள். அதையும் வாங்குமுன் பரிசோதிக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் யூட்டன்ஹேக் தொழிற்சாலையில் பீட்டில் தயாரானது 1951 முதல் 1979 வரைதான். ஆக, இங்கே கிடைக்கும் கடைசிப் பழைய ஹெட்டுக்குக்கூட வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. ஏற்கெனவே ஒருமுறை வெல்டிங் பார்த்த ஹெட்டுகள் நிறையவே சுற்றுகின்றன.

மாமா சொன்ன பசை பற்றியும் சொல்லிவிடுகிறேன், அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். அந்தச் சூட்டையும் அதிர்வையும் பசை தாங்காது. கொஞ்ச நாள் பிடித்து, ஏதாவது ஒரு மேட்டில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது விட்டுவிடும். துணுக்குகள் சிலிண்டருக்குள் விழும். அதைவிடக் கெடுதல், பிறகு வெல்டிங் செய்ய வேண்டி வந்தால் அலுமினியத்தில் ஊறிய பசை புகைந்து வெல்டை ஓட்டை ஓட்டையாக்கும். இன்று பசை போட்டால் நாளைக்குச் செய்யக்கூடிய நல்ல ரிப்பேரும் கெடும்.

விரிசல் இல்லை, மரை முழுக்கப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று ஹெலிகாயில், ஸ்டெயின்லெஸ் கம்பிச் சுருள். இன்னொன்று கெட்டி புஷ், உள்ளும் வெளியும் மரை உள்ள ஸ்டீல் குழல், மேலே ஒரு சிறு கழுத்து இருக்கும். ஹெலிகாயில் நல்ல பொருள்தான். ஒருமுறை போட்டு விட்டுவிடும் போல்ட்டுகளுக்கு நான் அதையே சொல்வேன். ஆனால் பிளக் அடிக்கடி கழற்றி மாட்டுவது. கரி பிடித்த பிளக்கைத் திருகி எடுக்கும்போது சுருளும் கூடவே வந்துவிடுகிறது. சுருளின் அடியில் உள்ள சிறு நாக்கை உடைத்து எடுக்கும்போது அது சிலிண்டருக்குள் விழும் பயமும் உண்டு. ஸ்டெயின்லெஸ் என்பதால் காந்தம் அதைச் சரியாக இழுக்காது. எல்லாவற்றுக்கும் மேல், சுருள் மரையை மட்டும்தான் மீட்டுத் தரும். வாஷர் உட்காரும் முகம் ஏற்கெனவே குழிந்தோ அரித்தோ இருந்தால் அது அப்படியே இருக்கும். கழுத்துள்ள புஷ் அந்த முகத்தையும் புதிதாகக் கொடுக்கிறது. விலை கூடுதல்தான், கருவிப் பெட்டியோடு வாங்கினால் இன்னும் கூடுதல். ஒரு துளைக்காகப் பெட்டி வாங்க வேண்டாம், வைத்திருப்பவரிடம் கொடுத்துச் செய்யுங்கள்.

மூன்றாம் பிளக் முன்பக்கம், என்ஜினை மூடிய தகட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். என்ஜின் வண்டியில் இருக்கும்போது அங்கே டேப்பை நேராகப் பிடிக்கவே முடியாது. வண்டியிலேயே செய்து தருகிறேன் என்று சொல்பவரிடம், எப்படி நேராகப் பிடிப்பீர்கள் என்று கேளுங்கள். பீட்டில் என்ஜின் நான்கு போல்ட்டில் நிற்கிறது. பெட்ரோல் குழாயை அடைத்து, ஆக்ஸிலரேட்டர் கேபிள், ஹீட்டர் கேபிள்கள், ஒயர்களைக் கழற்றி, டிராலி ஜாக் வைத்துப் பின்னால் இழுத்து இறக்கிவிடலாம். பழகிய இரண்டு பேருக்கு ஒரு காலைப்பொழுது வேலை. பேட்டரி ஒயரை முதலில் கழற்றுங்கள்.

என்ஜின் இறங்கிய பிறகு ஹெட்டையும் கழற்றுவதா? என்ஜின் திறந்து பல வருஷம் ஆகியிருந்தால் கழற்றுங்கள், வால்வையும் பார்த்துவிடலாம். அண்மையில்தான் எல்லாம் பார்த்தது என்றால் ஹெட் மாட்டியபடியே செய்யலாம். அப்படிச் செய்யும்போது, மரை வெட்டுகையில் விழும் உலோகச் சீவல்தான் பெரிய கவலை. அந்தப் பக்கத்து வால்வு மூடியைத் திறந்து, வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர் தண்டை எடுத்துவிடுங்கள். இரண்டு நட்டுதான். இப்போது பிஸ்டன் எந்த நிலையில் இருந்தாலும் வால்வுகள் மூடியே இருக்கும், சீவல் சீட்டுக்கு நடுவில் போய் மாட்டாது. பிறகு டேப்பின் முனை இடிக்காதபடி பிஸ்டனை ஹெட்டிலிருந்து தள்ளிக் கொண்டுபோய் வையுங்கள்.

டேப்பின் பள்ளங்கள் நிறைய கிரீஸ் அப்பி, அரைச்சுற்று முன்னால், கால்சுற்று பின்னால் என்று போங்கள். சில சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்து, சீவல் ஒட்டிய கிரீஸைத் துடைத்துப் புதிது அப்புங்கள். ஹெட்டைக் கழற்றி மேசையில் வைத்துச் செய்தால் கிரீஸ் வேண்டாம், பாரபின் (மண்ணெண்ணெய்) ஊற்றிக்கொண்டே வெட்டுங்கள். அலுமினியத்தில் அது டேப்போடு ஒட்டாமல் சுத்தமாக வெட்ட உதவும்.

எவ்வளவு கவனமாகச் செய்தாலும் கொஞ்சம் சீவல் உள்ளே விழும். இந்த என்ஜினில் சிலிண்டர் படுத்திருக்கிறது, பிளக் துளை மேல்பக்கம். விழுந்தது நேராகப் பிஸ்டன் தலையில் உட்காராது, சிலிண்டரின் கீழ்ச்சுவரில், ஹெட் சேரும் மூலையில் போய்ப் படுத்துக்கொள்ளும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. அலுமினியத்தைக் காந்தமும் பிடிக்காது. வேக்குவம் குழாயின் வாயில் மெல்லிய ரப்பர் குழாயை ஒட்டு டேப் சுற்றி ஒட்டி, அதன் முனை கீழே வளையும்படி உள்ளே விட்டு, மூலை மூலையாக உறிஞ்சுங்கள். பிறகு மெல்லிய குழாயில் காற்றை ஊதினால், வால்வுகள் மூடியிருப்பதால் எல்லாம் பிளக் துளை வழியாகவே திரும்பி வரும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கேமராவால் பார்த்து, மறுபடி உறிஞ்சி, மறுபடி பாருங்கள். இந்த இடத்தில் அவசரம் வேண்டாம்.

இனி கழுத்து உட்காரும் படி. புஷ்ஷின் கழுத்துக்காக துளையின் வாயில் ஒரு சிறு படி வெட்டுவார்கள். அது ஆழம் குறைந்தால் கழுத்து வெளியே துருத்தும், பிளக் அந்த அளவுக்கு மேலே நிற்கும், மூக்கு எரியும் அறைக்கு எட்டாது, கீழ் மரைகளில் கரி சேரும். ஆழம் கூடினால் பிளக்கின் மரை அறைக்குள் துருத்திக்கொண்டு பழுக்கும். கழுத்தின் மேல்முகம் பழைய முகத்தோடு சமமாக வர வேண்டும். கீழே புஷ்ஷின் முனையும் அறைக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. அதனால் 12.7 மில்லிமீட்டர் பிளக்குக்கு ஏற்ற நீளத்தில் புஷ் கேளுங்கள். 19 மில்லிமீட்டர் பிளக்குக்கான நீள புஷ்ஷும் அதே பெட்டியில் இருக்கும், மாறிவிடும். கடைசியாக, அதற்கென்று உள்ள திருகியை எண்ணெய் விட்டு உள்ளே ஓட்டும்போது புஷ்ஷின் அடி மரைகள் விரிந்து அலுமினியத்தில் பூட்டிக்கொள்ளும். திருகி திடீரென்று கெட்டியாகிப் பிறகு இளகுவது கையிலேயே தெரியும். அந்த உணர்வு வராவிட்டால் புஷ் பூட்டவில்லை.

முகம் தொடுகிறதா என்று நீங்களே பார்க்கலாம். புஷ்ஷின் கழுத்து முகத்தில் கறுப்பு மார்க்கரால் தீட்டுங்கள். புதுப் பிளக்கை வாஷரோடு கையால் ஏற்றி, லேசாக இறுக்கி, கழற்றிப் பாருங்கள். வட்டம் முழுக்க ஒரே மாதிரி மை தேய்ந்திருந்தால் நேராக இருக்கிறது. ஒரு பக்கம் தேய்ந்து மறுபக்கம் கறுப்பாகவே இருந்தால் துளை சாய்ந்துவிட்டது, அதை அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். பணம் கொடுக்குமுன் பட்டறையிலேயே இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள்.

பிளக் மாட்டுவது, என்ஜின் ஆறிய பிறகு. பிளக்கின் தலையில் ஒரு துண்டு ரப்பர் குழாயைச் செருகி, அதைப் பிடித்துத் திருகுங்கள். முதலில் இடப்பக்கமாகச் சுற்றினால் மரை ஒன்றில் ஒன்று விழும் 'டக்' தெரியும், அப்புறம் வலப்பக்கம். கோணலாகப் போனால் ரப்பர் வழுக்கும், மரை பிழைக்கும். கையாலேயே வாஷர் வரை இறங்க வேண்டும். பிறகு புது வாஷர் என்றால் அரைச்சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று, டார்க் ரெஞ்ச் இருந்தால் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். மரை காய்ந்தே இருக்கட்டும். பிளக் ஒயரின் முனையில் உள்ள ரப்பர் வளையம் தகட்டுத் துளையை முழுக்க அடைக்க வேண்டும். அது கிழிந்திருந்தால் சிலிண்டரைக் குளிர்விக்க வேண்டிய காற்று அந்த ஓட்டை வழியே ஓடிவிடும். சின்னச் சாமான் என்று விட்டுவிடாதீர்கள்.

ராக்கரை மாட்டும்போது அதைத் தள்ளும் புஷ்ராடுகள் குழியில் சரியாக உட்கார்ந்ததா பார்த்து, என்ஜின் ஆறியிருக்கும்போது வால்வு இடைவெளியை 0.15 மில்லிமீட்டருக்கு வையுங்கள். ஸ்டார்ட் செய்ததும், சூடு ஏறுமுன், பிளக்கின் அடியில் சோப்புத் தண்ணீர் இரண்டு சொட்டு விடுங்கள். குமிழி வந்தால் கசிகிறது. நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷன் அழுத்தத்தையும் அளந்து, மூன்றாவது மற்றவற்றோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். சில நாள் ஊருக்குள் ஓட்டி, ஆறவிட்டு, ஒருமுறை இறுக்கத்தைச் சரிபார்த்த பிறகு கோயிலுக்குப் போங்கள். ஃபீல்ட்ஸ் ஹில் மாதிரி நீள மேடுகளை முதல் வாரத்தில் தவிர்த்துவிடுங்கள்.

'மற்ற மூன்று துளைக்கும் இப்போதே புஷ் போட்டுவிடலாமா?' என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நல்ல அலுமினிய மரைதான் சூட்டை ஹெட்டுக்குக் கொடுக்க மிகச் சிறந்த வழி, கெடாததை வெட்டாதீர்கள். அந்தப் பிளக்குகளை ஒவ்வொன்றாக, ஆறிய என்ஜினில், கெட்டியாக இருந்தால் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவைத்து, முன்னும் பின்னுமாக அசைத்துக் கழற்றுங்கள். மரையைத் துடைத்து, புது வாஷரோடு அளவான முறுக்கில் திரும்ப மாட்டுங்கள். கழற்றும்போது எதிலாவது அலுமினியப் பொடியோ இழையோ ஒட்டி வந்தால், படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.